வேகம் காத்திருக்கட்டும்

லினக்ஸ் போன்ற திறமூல இயங்குதளங்கள் வன்தட்டின் புதிய வேகத்தை உடனே எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை என்பது பழைய புகார். 1990களின் இறுதி இதற்குச் சரியான சான்று. பழைய பிஐஓ முறையில், தட்டிலிருந்து வரும் தரவைச் செயலியே எடுத்து நினைவகத்தில் வைக்க வேண்டும், வினாடிக்கு 16.7 மெகாபைட்தான் அதன் உச்சம். டிஎம்ஏ முறையில் அந்த வேலையைக் கட்டுப்பாட்டுச் சில்லு ஏற்றுக்கொள்ளும். செயலிக்குச் சுமை குறையும். அல்ட்ரா டிஎம்ஏ அந்த உச்சத்தை 33 மெகாபைட்டுக்கும், பிறகு 66 மெகாபைட்டுக்கும் உயர்த்தியது. ஆனாலும் பல லினக்ஸ் கணினிகளில் டிஎம்ஏ தானாக இயங்கவில்லை. எச்டிபார்ம் என்ற கருவியைக் கொண்டு பயனரே அதை முடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தயக்கம் நியாயமானது என்றே சொல்வேன்.

காரணம், வன்பொருள் தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையல்ல. 1990களின் நடுவில் புழக்கத்தில் இருந்த சிஎம்டி 640, ஆர்இசட் 1000 ஆகிய சில்லுகளில், வேகத்துக்காகச் சேர்த்த முன்வாசிப்பு வசதியே தரவைச் சத்தமின்றிச் சிதைத்தது. அவற்றுக்காக லினக்ஸ் கெர்னலில் தனி மாற்றுவழிகளை எழுத வேண்டியிருந்தது. 66 மெகாபைட் வேகத்துக்கோ 80 கம்பி கேபிள் கட்டாயம். பழைய 40 கம்பி கேபிள் அந்த வேகத்தைத் தாங்காது. ஆகவே வேகத்தை இயக்கும் நிரலைவிட, எந்தச் சாதனத்தில் அதை இயக்கக் கூடாது என்று சொல்லும் பட்டியலே கடினமான, மதிப்பு மிகுந்த பகுதி.

சில பழுதான சில்லுகளுக்காக எல்லோரையும் ஏன் மெதுவாக்க வேண்டும் என்று கேட்கலாம். மெதுவான கணினி உடனே கண்ணில் படும். ஒரு கட்டளையில் சரியாகிவிடும். சிதைந்த கோப்பு அப்படியல்ல. அது தெரியவரும்போது, காப்புப் பிரதியிலும் சிதைந்த வடிவமே ஏறியிருக்கக்கூடும். வணிக நிறுவனங்கள் இப்படித் தயங்குவதில்லையே என்பது அடுத்த கேள்வி. விண்டோஸ் எக்ஸ்பியும் தொடர்ந்து பிழைகள் வந்தால் தானாகவே வேகத்தைக் குறைத்து, இறுதியில் பிஐஓ வரை இறங்கிவிடும். இரு தரப்புக்கும் எச்சரிக்கை தேவைப்பட்டது. லினக்ஸின் விலக்குப் பட்டியலை மட்டும் யாரும் திறந்து படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். சாம்சங் 850 வரிசை எஸ்எஸ்டிகளில், பயன்படாத இடத்தைத் தட்டுக்கு அறிவிக்கும் டிரிம் கட்டளையை மற்றக் கட்டளைகளோடு வரிசையில் நிறுத்தி அனுப்புவதை விலக்கும் குறிப்பும் அதே கெர்னலில் வெளிப்படையாக இருக்கிறது.

ஆனால் எச்சரிக்கை சோம்பலுக்குச் சாக்காகிவிடக் கூடாது. சோதித்துத் தேறிய சாதனத்துக்கு முழு வேகமும் தானாகவே கிடைக்க வேண்டும். அதற்கு உற்பத்தியாளர்கள் சில்லுகளின் நுட்ப விவரங்களையும் அறிந்த பிழைகளையும் வெளியிட வேண்டும். அவை மறைக்கப்பட்டால் நிரலாளர் ஊகத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். எனவே தாமதத்துக்காகத் தன்னார்வலர்களைக் குறைசொல்பவர்கள், விற்பனைக்கு வந்த நாளிலேயே விவரங்களைத் தராத நிறுவனங்களிடம் முதலில் கணக்குக் கேட்க வேண்டும்.