பழைய கார்: விலைக்கு முன் துருவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாமல்லபுரத்திலிருந்து கேளம்பாக்கம், சிறுசேரிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பலர், குறைந்த விலையில் பழைய சிறிய கார் தேடுகிறார்கள். ஆல்டோ, சான்ட்ரோ போன்றவற்றைப் பழுதுபார்க்கத் தெரியாத மெக்கானிக் அரிது. ஆனால், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்ற வண்டியை உப்புக்காற்று அடியிலிருந்து அரித்துவிடும். புது பெயின்ட்டில் மயங்காமல், லிஃப்டில் ஏற்றி அடித்தகடு, கதவின் கீழ்விளிம்பு, சைலன்சர் எல்லாவற்றையும் பாருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும் புறநகரிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியா என்பதை, தரைவிரிப்பைத் தூக்கினால் சேறும், சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் தண்ணீர்க் கறையும் காட்டிக்கொடுக்கும்.

சொந்தக் காரின் பதிவுச் சான்றிதழ் (ஆர்.சி.) 15 ஆண்டுகளுக்கே செல்லும்; பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். கடன் பாக்கி, காப்பீடு இரண்டையும் சரிபார்த்து, படிவம் 29, 30இல் விற்பவரிடம் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கி இழப்பீடு பெற்ற வண்டிகளின் விவரத்தை, வாங்குபவர் ஆன்லைனில் எளிதாகப் பார்க்கப் போக்குவரத்துத் துறை வழிசெய்ய வேண்டும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர்கள் ஏமாறக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாமல்லபுரம்.