எடைமேடைக்குப் போய்விட்டு வாருங்கள்

போன மாதம் ராஸ் அல் கைமாவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். சொந்தமாகப் பட்டறை போட்டு இரண்டு வருடம் ஆகிறது. "அண்ணே, ஒரு பார்ட்டி எஃப்-150 கொண்டாந்து விட்டிருக்கார். ராப்டர் மாதிரி ஆக்கித் தரணுமாம். ராப்டர் விலையில பாதிக்குள்ள முடியுமான்னு கேக்குறார். என்ன சொல்லட்டும்?"

முடியாது என்று சொல்லச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. வந்த பெரிய வேலையைத் திருப்பி அனுப்ப யாருக்குத்தான் மனசு வரும்? பிறகு இதையும் சொன்னேன்: "வழக்கமா ஏத்துற சாமானோட, குடும்பத்தோட, வண்டியை எடைமேடையில நிறுத்தி சீட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. முன் ஆக்சில் தனியா, பின் ஆக்சில் தனியா. அப்புறம் பேசுவோம்."

எஃப்-150ஐ மணலில் வேகமாக ஓட்டுவதற்கென்று ஃபோர்டே மாற்றிச் செய்த வண்டி ராப்டர். 2010 மாடலாக முதல் ராப்டர் வந்த நாளிலிருந்து நம் பட்டறைகளில் கேட்கிற கேள்விதான் இது. கேட்பவர் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும்: ஃபாக்ஸ் ஷாக், 35 அங்குல டயர், ஆறு அங்குல லிஃப்ட், இரும்பு பம்பர். கூட்டிப் பார்த்தால் பாதி விலைகூட வராது. கூட்டலில் தப்பில்லை. ராப்டர் அந்தப் பட்டியலுக்குள் இல்லை, அவ்வளவுதான்.

முதல் ராப்டர் சாதாரண எஃப்-150ஐவிடச் சுமார் 7 அங்குலம் அகலம். அந்த அகலம் பந்தாவுக்கு வைத்ததல்ல. கண்ட்ரோல் ஆர்ம் நீளமாக இருந்தால், அதே கோணத்துக்குள் சக்கரம் கூடுதல் தூரம் ஏறி இறங்கும், சி.வி. ஜாயின்ட்டும் முறுக்கிக்கொண்டு நிற்காது. முன்னால் 11.2 அங்குலம், பின்னால் 12.1 அங்குலம் என்ற பயணம் கிடைத்ததற்கு அந்த அகலம் பெரிய காரணம். 2017 மாடலில் அது 13, 13.9 என்று கூடியது. நாம் மாட்டும் ஆறு அங்குல பிராக்கெட் லிஃப்ட் என்ன செய்கிறது? டிஃப்ரன்ஷியலையும் ஆர்ம் மவுண்ட்டுகளையும் கீழே இறக்கி வைக்கிறது. வண்டி உயர்ந்து நிற்கும். சக்கரத்தின் பயணம் கம்பெனி கொடுத்தது எவ்வளவோ அவ்வளவுதான். ஸ்ட்ரட் தலையில் ஸ்பேசர் வைத்து இரண்டு அங்குலம் தூக்குவது இன்னும் மோசம். சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த இடத்தைத் தின்றுதான் அந்த உயரத்தைக் காட்டுகிறது. உயரம் வேறு, பயணம் வேறு. இதை விளக்காமல் பில் போடுவது நம் தொழிலில் சகஜமாகிவிட்டது.

நானும் போட்டிருக்கிறேன். ஷார்ஜா தொழிற்பேட்டையில் வேலை பார்த்த நாட்களில், மணலில் வேகமாக ஓட்ட வேண்டும் என்று கேட்டு வந்தவருக்கு ஆறு அங்குலம் தூக்கி, 35 டயர் மாட்டிக் கொடுத்தேன். பார்க்க யானை மாதிரி இருந்தது. முதல் வெள்ளிக்கிழமையே திரும்பி வந்தார். மேட்டைத் தாண்டி இறங்கும்போது பின்பக்கம் உதைத்துத் தூக்குகிறது, இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஷாக் வேலை செய்வதே தெரியவில்லை என்றார். எண்ணெய் சூடேறிப் போயிருந்தது. ஷாக்கை மாற்றினேன், பம்ப் ஸ்டாப்பை மாற்றினேன், காஸ்டரைச் சரிசெய்ய அப்பர் ஆர்மையும் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவர் காசு கொடுத்தார். ஏழெட்டு மாதம் கழித்து வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ராப்டரே வாங்கிக்கொண்டார். முதல் நாளே அவரை ஷோரூமுக்கு அனுப்பியிருக்க வேண்டியவன் நான்.

ஷாக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ராப்டரின் ஃபாக்ஸ் ஷாக்குக்குள் எண்ணெய் சுற்றிப் போக வழிகள் உண்டு. பிஸ்டன் நடுப்பகுதியில் ஆடும்போது அவை திறந்திருப்பதால் ஷாக் இளகி நிற்கும். ஓரத்தை நெருங்க நெருங்க வழி அடைபட்டு இறுகும். சின்ன அலையில் மெத்தை, பெரிய குதிப்பில் சுவர். அந்த வழிகள் எங்கே, எத்தனை என்பது அந்த வண்டியின் எடைக்கும் அந்த ஆர்மின் நீளத்துக்கும் கணக்குப் பார்த்துப் போட்டது. அதே பெயர் பொறித்த ஷாக்கைக் கடையில் வாங்கி வேறு வண்டியில் மாட்டினால் பெயர்தான் கூட வரும். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் ஏ.பி.எஸ்.ஸும் அப்படியே. மணலுக்கென்று அவற்றைத் திரும்ப எழுத எந்தப் பட்டறையாலும் ஆகாது.

இதற்காகக் கம்பெனியைத் தெய்வமாக்க வேண்டாம். ஆரம்ப கால ராப்டர்கள் சிலவற்றில், வேகமாகப் போய்க் குதித்து இறங்கியதில் பின்பக்கச் சேசிஸ் வளைந்தது. அதற்கு வலுவூட்டும் தகடுகளைச் செய்து விற்றவை நம்மைப் போன்ற வெளிப்பட்டறைகள்தான். 2021 ராப்டரில் கம்பெனியே 37 அங்குல டயர் கொடுத்தபோது, 35 அங்குல வண்டிக்கு இருந்த பயணத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், எஃப்-150 எக்ஸ்.எல்.டி.யில் 37 மாட்டி "ஒண்ணும் உரசாது சார்" என்று சொல்லும் நண்பர்களை என்ன சொல்வது?

இனி மறுபக்கம். சும்மா ஓடும்போது பறக்கும் வண்டி, சுமை ஏற்றினால் முனகும். முதல் தலைமுறை ராப்டரின் சுமைத்திறன் 450 கிலோவை ஒட்டியது. ஐந்து பெரியவர்கள் ஏறி உட்கார்ந்தாலே 375 கிலோ போய்விடும். ரேஞ்சர் ராப்டரின் கதையும் இதுவே: சாதாரண ரேஞ்சர் 3,500 கிலோ இழுக்கும், ராப்டருக்கு 2,500 கிலோதான். சக்கரத்தின் நீண்ட பயணத்துக்கு இளகிய ஸ்பிரிங் வேண்டும், சுமைக்கு இறுகிய ஸ்பிரிங் வேண்டும். இரண்டையும் ஒரே வண்டியில் கேட்க முடியாது. சலாலா வரை குடும்பத்தோடு போய்வர ராப்டர் வாங்கிய ஒருவர், அதன் மேல் கூரைக் கூடாரம், கேனோப்பி, ஃபிரிட்ஜ், 60 லிட்டர் தண்ணீர், இரண்டாவது ஸ்டெப்னி எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆள் ஏறும் முன்பே முந்நூறு கிலோவை நெருங்கியிருந்தது. பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. அந்த அருமையான ஷாக், எந்த நேரமும் ஓரத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. இவருக்கு வேண்டியது சாதாரண டபுள் கேபின், பாரத்துக்கேற்ற ஸ்பிரிங் பட்டை, நல்ல 33 டயர், பின் லாக்கர். நம்மால் செய்ய முடிந்த வேலை, செய்யத் தெரிந்த வேலை.

கம்பெனி விட்டுவைத்ததைச் சரிசெய்வதும் நம் பங்குதான். லேண்ட் குரூசர் 79 பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் வி8 எஞ்சினுக்காக முன்பக்கத்தை அகலப்படுத்தினார்கள், பின் ஆக்சிலைத் தொடவில்லை. பின் தடம் 95 மி.மீ. குறுகல். முன்சக்கரம் போட்ட பாதையில் பின்சக்கரம் போகாமல், மணலில் தனக்கென்று புதுப்பாதை வெட்டிக்கொண்டு போகும். பல வருடம் அப்படியே விற்றார்கள். சரியான அகலத்தில் பின் ஹவுசிங் செய்து மாட்டும் தொழில் ஆஸ்திரேலியாவில் தனியாகவே வளர்ந்தது. இந்த வெளித்தொழிலின் பலம் கம்பெனிகளுக்கும் தெரியும். 2024 டகோமாவில் டொயோட்டா, ஃபாக்ஸ் ஷாக்கோடு டி.ஆர்.டி. புரோவையும், ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஓல்டு மேன் ஈமு ஷாக்கோடு டிரெயில்ஹன்டரையும் தனித்தனியாக விட்டது. வேகத்துக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று.

பில் எழுதும்போது மறைந்துபோகும் ஒரு செலவு உண்டு: கிரவுன் பினியன். 3.73 பல்விகிதமும் 32 அங்குல டயரும் உள்ள வண்டியில் 37 போட்டால், எஞ்சினுக்கு அது 3.23 மாதிரி ஆகிவிடும். பழைய இழுவை வேண்டுமென்றால் 4.30 பக்கம் போக வேண்டும், அதுவும் முன் பின் இரண்டிலும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 115-ல் போகும். இதைப் பெரும்பாலோர் கொட்டேஷனில் எழுதுவதில்லை. வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்து "கியர்பாக்ஸ் சூடாகுது" என்று வரும்போது சொல்கிறோம். அது வியாபாரம் ஆகாது.

தமிழ்நாட்டில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே வேறு. ராப்டரை இந்தியாவில் ஃபோர்டு விற்றதில்லை. கையில் வருவது இசுசு வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்றவை. தயாரிப்பாளர் குறித்த விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே வருடச் சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. தண்டனை அவருக்கு, யோசனை நம்முடையது. வேலை ஏற்கும் முன் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

ராஸ் அல் கைமா தம்பி பத்து நாள் கழித்து எடைச்சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். பின் ஆக்சில், கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. விசாரித்ததில், அந்த மனிதர் மணல்மேட்டுப் பக்கமே போவதில்லையாம். மனைவி, மூன்று பிள்ளைகள், மாதம் இரண்டு தடவை ஹஜர் மலைப் பள்ளத்தாக்குகளில் கூடாரம். பாரத்துக்கேற்ற ஸ்பிரிங், கற்பாதைக்கு 33 டயர், அடித்தகடு, அலைன்மென்ட். மூன்று நாளில் முடிந்தது. ஷாக்கைக்கூட பெரிதாகக் கேட்கவில்லையாம். பெரிய எழுத்தில் ஃபோர்டு என்று பொறித்த ராப்டர் கிரில் மட்டும் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். மாட்டிக் கொடுங்கள் என்றேன். அதில் எடை ஒன்றும் பெரிதாக இல்லை.