அடைத்து வைத்தால் திருந்துவாளா?

பொண்ணு எதிர்த்துப் பேசறா, படிப்புல கவனமில்லை, ராத்திரி பூரா போன்... இப்படி யாராவது புலம்ப ஆரம்பித்தால் போதும். நம்ம ஆட்கள் கூடுகிற இடத்தில் உடனே ஒரு வைத்தியம் வந்து விழும்: "கண்டிப்பான போர்டிங்ல போடுங்க, ஆறே மாசத்துல வழிக்கு வந்துடுவா." ஊரில் அதற்குப் பேர் ஹாஸ்டல். இங்கே அமெரிக்காவில் 'தெரபியூட்டிக் போர்டிங் ஸ்கூல்' என்று மருந்து வாசனையோடு ஒரு பேர், மாதம் பல ஆயிரம் டாலர் பில். (பையனைப் பற்றி இதே புலம்பல் வந்தால் 'வயசுக் கோளாறு, சரியாயிடும்' என்பார்கள். அது தனிக் கச்சேரி.)

சிபாரிசு செய்கிறவர்கள் இந்த வைத்தியத்தின் சரித்திரத்தையும் கொஞ்சம் படிக்கலாம். நான் பிழைக்க வந்த டெக்சாஸிலேயே இருக்கிறது. கார்ப்பஸ் கிறிஸ்டியில் லெஸ்டர் ரோலோஃப் என்று ஒரு பாப்டிஸ்ட் ரேடியோ பிரசங்கி. 'வழிதவறிய' பெண்களைத் திருத்த 1960களின் கடைசியில் ரெபெக்கா ஹோம் என்ற விடுதியை ஆரம்பித்தார். வீட்டை விட்டு ஓடியவள், போதையில் விழுந்தவள், சும்மா சொன்ன பேச்சு கேட்காதவள், எல்லோரும் ஒரே கூரையின் கீழ். 1973ல் மாநில அட்டர்னி ஜெனரல் ஜான் ஹில் வழக்குப் போட்டபோது 16 பெண்கள் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்கள். தோல்வாரால் அடி, கட்டையால் அடி, குழாயோடு சேர்த்துக் கைவிலங்கு, தனியறைச் சிறை. ரோலோஃப் அடியை மறுக்கவே இல்லை. பின்பக்கம் சிவந்தாலும் பரவாயில்லை, ஆத்மா கறுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நம்மூர் 'அடியாத மாடு படியாது'தான், பைபிள் அட்டை போட்டு.

அரசு கேட்டது ஒன்றுதான். லைசென்ஸ் எடு, இன்ஸ்பெக்டரை உள்ளே விடு. மதத்தில் அரசு தலையிடுவதா என்று மனிதர் ஜெயிலுக்கே போனார், லைசென்ஸ் எடுக்கவில்லை. 1979 ஜூனில் அதிகாரிகள் வந்தபோது ஆதரவாளர்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். 1982ல் அவர் விமான விபத்தில் இறந்தார். 1985ல் விடுதி டெக்சாஸில் கடையை மூடிவிட்டு மிசௌரி மாநிலத்துக்குப் போனது. 1997ல் புஷ் கவர்னராக இருந்தபோது, மத விடுதிகளுக்கு அரசு லைசென்ஸ் வேண்டாம், தனி அமைப்பின் சான்றிதழே போதும் என்று டெக்சாஸில் சட்டம் வந்தது. ரெபெக்கா ஜோராகத் திரும்பி வந்தது. மறுபடியும் புகார். 2001ல் அந்தச் சட்டத்தை நீட்டிக்காமல் விட்ட பிறகுதான் ஓய்ந்தது.

நான் கோபாலபுரத்துக்காரன். இந்தப் பக்கம் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, நடுவில் செக்போஸ்ட். எல்லை தாண்டினால் சட்டம் மாறும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ரேஷன் அரிசி மூட்டையே சொல்லும். ஆனால் பெண் குழந்தைகளை அப்படிக் கடத்துவதற்குச் சிகிச்சை என்று பேர் வைக்க எங்களூர்க் கடத்தல்காரனுக்குக்கூடத் தோன்றியதில்லை.

மிசௌரியை ஏன் பிடித்தார்கள்? 1982லேயே அங்கே மத விடுதிகளுக்கு லைசென்சிலிருந்து விலக்கு. அந்த நிழலில் முளைத்த இன்னொன்று சர்க்கிள் ஆஃப் ஹோப். 2006ல் ஆரம்பம், 2020ல் மூடல். நடத்திய தம்பதியின் சொந்த மகளே இணையத்தில் வீடியோ போட்டு ஊரைக் கூட்டினார். 2021ல் தம்பதி மேல் நூறு குற்றச்சாட்டுக்கு மேல் பதிவானது.

'நம்ம நாட்டுல இதெல்லாம் இல்லீங்க' என்பவர்களுக்கு: மகாபலிபுரம் விடுதிகளைப் பற்றி 2007ல் வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையில் தொடங்கிய வழக்குதான் உச்ச நீதிமன்றம் வரை போனது. குழந்தைகள் விடுதி அத்தனையும் அந்த வருஷக் கடைசிக்குள் பதிவாக வேண்டும் என்று 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. சரி, பதிவு செய்தால் போதுமா? பீகாரில் முசாபர்பூர் விடுதி அரசு மானியம் வாங்கியது, அதிகாரிகள் வந்து போனார்கள், ரிஜிஸ்டரெல்லாம் பக்கா. 2018ல் டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக் குழு வந்து அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் உள்ளே நடந்த பாலியல் கொடுமை வெளியே வந்தது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு.

பேங்க்காரனுக்கு இதில் ஆச்சரியமில்லை. குடோனில் சரக்கை அடமானம் வைத்தவன் முன் வரிசையில் நல்ல மூட்டையை அடுக்கி, உள்ளே உமியை வைத்திருப்பான். ஸ்டேட்மென்ட் சரியாகத்தான் இருக்கும், உள் மூட்டையைக் குத்திப் பார்க்க வேண்டும். நாலு பவுன் செயினைக்கூட உரசிப் பார்க்காமல் நகைக்கடன் கொடுப்பதில்லை. பெண்ணை ஒப்படைக்கிற இடத்தில் மட்டும் பிரோஷரைப் பார்த்துக் கையெழுத்து.

இதைவிட மோசம், இந்த மாதிரிப் பல இடங்களில் பெற்றோருக்கு முதலிலேயே ஓதி அனுப்புவது: வீட்டுக்கு வருவதற்காக உங்கள் பெண் பொய் சொல்வாள், நம்பாதீர்கள். கடிதத்தைப் படித்துவிட்டு அனுப்புவார்கள், போனில் பேசும்போது பக்கத்தில் ஆள் இருக்கும். அப்புறம் அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? இதன் பேர் சிகிச்சையாம். டாக்டர் வேண்டுமென்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.

பாரிஸ் ஹில்டன் முதலானவர்கள் வருஷக்கணக்கில் போராடி 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அதுவும் ஆய்வு செய்யச் சொல்கிறதே தவிர ஒரு கதவையும் மூடவில்லை. மிசௌரி 2021ல் சட்டத்தைத் திருத்தியபோது ஒன்று சேர்த்தார்கள்: பெற்றோர் முன்கூட்டிச் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் போய்த் தங்கள் பிள்ளையைப் பார்க்கலாம். 1982லிருந்து இந்த ஒரு வரிக்கு 39 வருஷம். அடுத்த தடவை போர்டிங் சிபாரிசு செய்கிறவர், தான் சொல்கிற இடத்தில் இந்த வரி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வரட்டும்.