சுளுக்கு எடுக்கும் கைக்குச் சான்று உண்டா?

சென்னிமலை என்றால் முருகன் கோயில். அடுத்தது கைத்தறிப் போர்வை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுவதும் மிதி மிதித்து நெய்கிறவருக்கு இடுப்பு வலிக்காமல் இருக்குமா? தோள் பிடித்துக்கொள்கிறது. கழுத்து திரும்ப மறுக்கிறது. "நல்லா நீவி உடறவங்க ஆராச்சும் இருக்காங்களா?" என்று விசாரிக்கிறார்கள்.

நீவி விடுவது மட்டமான தொழில் அல்ல. சித்த மருத்துவத்தில் அதற்குத் தொக்கணம் என்று பெயர். எங்கே அழுத்தலாம், எங்கே தொடக்கூடாது என்று முறை உண்டு. ஆனால் இன்று எண்ணெய்க் கிண்ணம் வைத்திருப்பவர் எல்லாம் மசாஜ் நிபுணர்!

ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதை அழுத்தி உருவினால், உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைக்கும். உயிரே போகலாம். கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதும் ஆபத்து. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து, பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான். வந்த வீட்டுக்கு அது அபூர்வமா?

ஜப்பானில் 1947-லேயே சட்டம் போட்டார்கள். மூன்று ஆண்டு படிப்பு. பிறகு அரசுத் தேர்வு. அதன் பிறகே உரிமம். பார்வையற்றோர் பலர் அங்கே இத்தொழிலில் கௌரவமாக வாழ்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், பதிவு செய்யாதவர் மசாஜ் சிகிச்சையாளர் என்று பலகை மாட்ட முடியாது.

நம் நாட்டில்? சித்த மருத்துவர் ஐந்தரை ஆண்டு படிக்கிறார். பிசியோதெரபி செய்கிறவர்களைப் பதிவு செய்ய 2021-ல் மத்திய சட்டம் வந்தது. சாதாரண மசாஜ்காரருக்குச் சில வாரப் பயிற்சியே போதும் என்ற நிலை. உள்ளாட்சி தரும் தொழில் உரிமம் கடைக்குத்தான், கைக்கு அல்ல!

பரம்பரையாக நீவுகிற பெரியவர்களை விரட்டச் சொல்லவில்லை. அது அநியாயம். அவர்களில் கெட்டிக்காரர்கள், இது எலும்பு முறிவு என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர்களை எழுதச் சொல்லாமல், செய்து காட்டச் சொல்லி, அரசு சித்த மருத்துவர்களே சோதித்துச் சான்று தரலாம். புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் படித்துத் தேறட்டும். கட்டணம் ஏழைக்குத் தாங்குவதாக இருக்கட்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். பாயில் படுக்குமுன் அவர் உங்களிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய முறிவு உண்டா என்று கேட்கிறாரா? பெண்களிடம் கர்ப்பமா என்று விசாரிக்கிறாரா? ஒன்றும் கேட்காமல் எண்ணெயைத் தொட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.