28 நாள் மாதம்

தாராசுரத்திற் பட்டு நெய்யும் இல்லத்தார், புதிய கைபேசிக்கு எந்நிறுவனத்தின் இணைப்பைக் கொள்வதென எம்மை வினவுவதுண்டு. விளம்பரத்தை நம்பற்க, தறி நிற்கும் அறையில் எவ்வலை எட்டுகின்றதென நோக்குக என்போம். பிழைபடினும் பெருங்கேடில்லை. 2011 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். 2018-இல் ஏர்செல் வீழ்ந்தபோது நம் மாநிலத்தார் பலர் அவ்வழியே கரையேறினர்.

நிற்க. கட்டணத்திலன்றோ சூது உளது! திங்கட்கட்டணமெனப் பலர் எண்ணிச் செலுத்துவது 28 நாட்களுக்கே செல்லும். ஆகவே ஆண்டிற்கு 12 முறையன்று, 13 முறை கட்டல் வேண்டும். மிகுந்த அவ்வொரு முறைக்குரிய பணமும் நெசவுக்கூலியினின்றே போகின்றது. 30 நாட் திட்டமொன்றேனும் வைத்தல் வேண்டுமென 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமாய திட்டமும் வேண்டுமென 2024 டிசம்பரில் விதித்தது. இவை கடைக்காரர் வாயில் எளிதில் வாரா. பெயர் சொல்லிக் கேட்டே பெறல் வேண்டும்.

எம் தெருவின் மூதாட்டியார் ஒருவர் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் திட்டத்திற்குப் பணங்கட்டி வருகின்றார். அவர் செய்வதோ, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்தபின் மகளோடு சிறிது பேசுவது ஒன்றே.