முள்ளிவாய்க்காலைப் பாக்க பிரசல்ஸுக்குப் போகவேணுமோ?

லண்டனில் வளர்ந்த தமிழ்க் கலைஞர் கிறிஸ்டோபர் குலேந்திரன் தோமஸ் 2024 இல் பிரசல்ஸின் வீல்ஸ் கலைக்கூடத்தில் வைத்த கண்காட்சியின் பெயர் 'சேஃப் ஸோன்'. பாதுகாப்பு வலயம். வன்னிச் சனத்துக்கு இந்தப் பெயரை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2009 ஜனவரியில் தொடங்கி அரசு மூன்று தரம் வலயம் அறிவிச்சது. ஒவ்வொரு தரமும் இடம் சுருங்கி, கடைசியில் முள்ளிவாய்க்கால்.

அந்தக் கடற்கரைதான் அங்கே ஓவியமாகத் தொங்கினது. காலனியம் இலங்கைக்குக் கொண்டுவந்த கலை வரலாற்றில் பயிற்றிய செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அமைத்த படங்கள். கூடவே, கோளமாக அடுக்கிய திரைகளில், 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குச் சற்று முன்பு அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓடிய காட்சிகள். அந்த நாளுக்குப் பிறகு 'பயங்கரவாதத்துக்கு எதிரான போர்' எண்ட சொல் எங்கட கரை வரைக்கும் வந்தது. அந்த முடிச்சு எங்களுக்கு விளங்குது.

'லண்டன்காரனுக்கு இதில என்ன உரிமை' எண்டு கேக்கிற ஆக்களோட நாங்கள் இல்லை. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் இந்த இழப்பில் பங்கிருக்கு. எங்கட கேள்வி வேற: இந்தக் கலை ஆருக்குப் பதில் சொல்லுது?

2016 பெர்லின் பியனாலேயில் இவர் வைத்தது 'நியூ ஈழம்'. சந்தா கட்டினால் பல நகரங்களிலும் மாறிமாறி வசிக்கலாம் எண்ட வீட்டுத்திட்டம். நிலத்தோடு கட்டுப்படாத குடியுரிமை பற்றிய கற்பனை. அடுத்த வருசம் கேப்பாப்புலவுச் சனம் இராணுவ முகாம் வாசலில் இரவுபகலாகக் குந்தியிருந்தது சந்தா வீட்டுக்காக இல்லை. தங்கட வளவுக்காக, தங்கட கிணத்துக்காக. ஈழம் எண்ட பெயரைக் கையில எடுக்கிறவர் அந்த வளவைத் தாண்டிப் போகேலாது.

வேற வழியும் இருக்கு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூலுக்காக, இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களிட்டப் போய், விட்டிட்டு வந்த வீட்டை ஞாபகத்தில இருந்து கீறச் சொன்னார். அந்தக் கலை சனத்தின் கையில தொடங்கினது.

ஆகவே 'சேஃப் ஸோன்' முல்லைத்தீவுக்கு வரட்டும், கிளிநொச்சிக்கு வரட்டும். கலைக்கூடம் இல்லை எண்டது சாட்டு. பள்ளிக்கூட மண்டபம் இருக்கு, சனசமூக நிலையம் இருக்கு. சனம் பாக்கும், கேள்வி கேக்கும், ஏசும், சிலபேர் பாதியில எழும்பியும் போவினம். அதுக்குப் பிறகு எழுதுற விமர்சனம்தான் முழு விமர்சனம். அதுவரைக்கும் பிரசல்ஸ்காரர் பாத்த எங்கட கடற்கரையை நாங்கள் போனிலதான் பாக்கிறம்.