இறக்குவதற்கு முன் அளந்து பார்!



பழைய பிக்கப் வண்டியைத் தாழ இறக்கி ஓட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது பணக்காரன் பொழுதுபோக்கு, நமக்கெதுக்குப்பா?" என்று சிரிக்கிறார்கள். அமெரிக்காவில் 1953 முதல் 1956 வரை வந்த ஃபோர்டு எஃப்-100 நம்ம ஊர் ரோட்டில் ஓடும் வண்டி அல்லதான். ஆனால் வீல்பேஸ், காஸ்டர், ஸ்பிரிங், ஸ்டியரிங் என்று நாம் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக மறந்துவிடும் பாடமெல்லாம் அதன் முன் ஆக்சிலில் ஒன்றாக நிற்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய எஃப்-1 வண்டியின் வீல்பேஸ் 114 அங்குலம். எஃப்-100-ல் முன் ஆக்சிலைப் பின்னுக்குத் தள்ளி 110 ஆக்கினார்கள். வண்டி கம்பெனி உயரத்தில் நிற்கும்போது மட்கார்டு வளைவுக்குள் டயர் சற்றுப் பின்தங்கி இருப்பது கண்ணில் படாது. நாலு அங்குலம் இறக்கிப் பாருங்கள்! டயர் வளைவுக்குள் புகுந்ததும் அந்த ஒரு அங்குலம் பளிச்சென்று தெரியும். உடனே ஆக்சிலை முன்னே நகர்த்தத் தோன்றும்.

நகர்த்தலாம், தப்பில்லை. ஆனால் கண்ணளவை மட்டும் நம்பி நகர்த்தக் கூடாது என்பதே என் கருத்து.

ஏன்? லீஃப் ஸ்பிரிங்கின் வளைவைக் குறைத்து வண்டியை இறக்கினால் ஸ்பிரிங் நீளும். ஒரு முனை அசையாமல் மாட்டியிருப்பதால், ஷாக்கிள் இருக்கும் பக்கமாக ஆக்சிலும் நகரும். ஸ்பிரிங்கைத் தொடாமல் வளைத்த ஆக்சில் போட்டு இறக்கினால் இந்த நகர்வு இல்லை. ஆகவே இறக்கிய விதம் தெரியாமல் இடம் குறிக்க முடியாது. என்ஜின், பானெட், மட்கார்டு எல்லாம் ஏற்றி முழு எடையில் நிற்கவைத்து அளக்க வேண்டும். வெறும் சேஸிஸில் எடுத்த அளவு பொய் சொல்லும்.

அடுத்தது காஸ்டர். பின்பக்கத்தைவிட முன்பக்கம் 4 அங்குலம் கூடுதலாக இறங்கினால், 4-ஐ 110-ஆல் வகுத்துக் கோணம் பாருங்கள். ஏறத்தாழ 2 டிகிரி! அவ்வளவு காஸ்டர் போய்விடும். நேர் ரோட்டிலும் வண்டி அலையும், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து, தடித்த முனை பின்பக்கம் வரும்படி சரிசெய்ய வேண்டும்.

கடைசியாக ஸ்டியரிங். இந்த வண்டியில் டிராக் லிங்க் சேஸிஸை ஒட்டி நீளவாக்கில் ஓடுகிறது. ஆக்சில் ஒரு அங்குலம் முன்னே போனால் லிங்க் சக்கரத்தைத் திருப்பிவிடும். லிங்கின் நீளத்தையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். அழகுக்காக நகர்த்திய ஒரு அங்குலம், ஓட்டுகிறவன் உயிர்வரை போகிறது பார்த்தீர்களா?

"அனுபவசாலி மெக்கானிக் கண்ணாலேயே சொல்லிடுவாரே!" என்று கேட்கலாம். சொல்வார். ஆயிரம் வண்டியை அளந்து அளந்து பழகிய கண் அது. பதினெட்டு வயதில் நமக்கு அந்தக் கண் ஏது?

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், கையெழுத்து மட்டும் போடுவார். முப்பது வருஷ வேலைக்குப் பிறகும் தூக்குக்குண்டு இல்லாமல் ஒரு சுவர் எழுப்பியதில்லை. அறைக்கு மூலைமட்டம் சரியா என்று குறுக்கும் மறுக்கும் நூல் பிடித்துப் பார்ப்பார். ரெண்டு நூலும் ஒரே நீளம் இருந்தால்தான் அடுத்த கல். முன் ஆக்சில் நேராக நிற்கிறதா என்று பார்க்கவும் அதே வேலைதான். ஆக்சில் முனைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, இரண்டு பக்க வீல்பேஸையும் குறுக்களவையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். படித்தவன் கணக்கும் உழைத்தவன் நூலும் சேருகிற இடம் இது. படிப்பு நம்மை அப்பாவின் வேலையிலிருந்து பிரித்துவிடும் என்று யார் சொன்னது?

தோழர்களே, ரெக்கார்டு நோட்டில் சீனியர் எழுதிய அளவைப் பார்த்து எழுதும் பழக்கத்தை விடுவோம். நம் ஒர்க்‌ஷாப்பிலும் ஒரு சேஸிஸ் நிற்கிறது. ஒரு நூல், ஒரு குண்டு, ஒரு சாக்பீஸ் போதும். இறங்கி அளப்போம்!